உண்ணத்தக்க உறைப்படலமும் அதற்குள் போகும் நானோ துகளும்: ஓர் எளிய விளக்கம்

"தின்னக்கூடிய பிளாஸ்டிக் வந்துவிட்டது. மண்ணில் போட்டால் மறைந்துவிடும். நானோ கலந்திருப்பதால் பாலித்தீனைவிட உறுதி." இப்படி ஒரு செய்தி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் வருகிறது. படத்தில் யாரோ ஒருவர் கண்ணாடி போன்ற ஒரு தாளைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அந்தச் செய்தியில் முழுப் பொய் எதுவும் இல்லை. ஆனால் தின்பது, மட்குவது, இயற்கையானது, நானோ என்று தனித்தனியான நான்கு விஷயங்களை ஒரே உருண்டையாக உருட்டிவிடுகிறார்கள். அதனால் எதிர்பார்ப்பும் தப்பாகப் போகிறது, ஏமாற்றமும் தப்பாக வருகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வகையைப் பிடித்துக்கொள்வோம்: மரவள்ளி ஸ்டார்ச்சில் செய்த படலம், அதற்குள் செல்லுலோஸ் (தாவர நாரின் பொருள்) நானோ துகள். மற்ற வகைகளை இடையிடையே தொட்டுக்கொண்டால் போதும்.

## முதலில் சொற்களைப் பிரித்துவிடுவோம்

உண்ணத்தக்கது என்றால் அதில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் உணவுக்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதைச் செய்த இடமும் உணவு செய்யும் இடத்துக்கான சுத்தத்தோடு இருக்க வேண்டும். சாப்பிட்டால் சாக மாட்டோம் என்பது இதற்குப் பொருள் அல்ல.

மட்கும் என்றால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயு, தண்ணீர், தங்கள் உடல் என்று மாற்றிவிடும். இதற்கு அளவுகோல் உண்டு. உரமாகும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 தரத்தின்படி, ஆலை உரக்குவியலின் சூட்டில் (சுமார் 58 டிகிரி) 180 நாளுக்குள் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொடியாக உடைவது மட்குவதில் சேராது. பாலித்தீனில் ஒரு சேர்மத்தைப் போட்டு வெயிலில் தூளாக நொறுங்க வைக்கிறார்களே, அதைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் தடை செய்தது.

இந்த இரண்டும் ஒன்றல்ல. மக்காச்சோளத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் ஆன கோப்பை உரக்குவியலில் மட்கும், ஆனால் அது சாப்பாடு இல்லை. ஸ்டார்ச் படலம் இரண்டிலும் சேரும். இயற்கை, நானோ என்ற மற்ற இரண்டு சொற்களையும் கீழே உரிய இடத்தில் பார்ப்போம்.

இன்னொரு பிரிவும் உண்டு. படலம் என்பது தனியாகத் தாள் போலச் செய்து, பிறகு உணவைச் சுற்றுவது. பூச்சு என்பது உணவின் மேலேயே தடவியோ முக்கியோ காயவைப்பது. ஆப்பிள் மேல் மினுங்கும் மெழுகு பூச்சு. மருந்துக் கேப்சூலின் கூடு படலம். இங்கே பேசப்போவது படலத்தைப் பற்றி.

## படலம் நமக்குப் புதிது இல்லை

ஜவ்வரிசி வத்தல் போடும் வீட்டில் இதன் பாதி அறிவியல் நடந்துகொண்டிருக்கிறது. ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் ஸ்டார்ச். தண்ணீரில் கொதிக்கவிட்டால் கண்ணாடி மாதிரிக் கூழாகும். துணியில் ஊற்றி வெயிலில் வைத்தால் பின்னால் தெரிவது முன்னால் தெரியும் அளவுக்குத் தெளிந்த தகடாகக் காயும். ஆந்திராவின் ஆத்ரேயபுரத்தில் பூதரேகுலு செய்பவர்கள் இதை இன்னும் மெல்லியதாக்கிவிட்டார்கள். அரிசிக் கரைசலில் துணியை நனைத்து, சூடான கவிழ்த்த பானை மேல் ஒரு இழுப்பு. காகிதத்தைவிட மெல்லிய தாள் உரிந்து வரும்.

உள்ளே நடப்பது இதுதான். ஸ்டார்ச் என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சங்கிலி. இப்படி ஒரே சிறு அலகு திரும்பத் திரும்பக் கோத்து வரும் நீண்ட மூலக்கூறுக்குப் பாலிமர் என்று பெயர். ஸ்டார்ச்சில் இரண்டு வகைச் சங்கிலி உண்டு: கிளையில்லாமல் நீளும் அமைலோஸ், மரம்போலக் கிளைவிடும் அமைலோபெக்டின். பச்சை மாவில் இவை இறுக்கமான குருணையாகச் சுருண்டிருக்கும். தண்ணீரோடு சேர்ந்து 60, 70 டிகிரியைத் தாண்டும்போது குருணை உப்பி உடைந்து, சங்கிலிகள் வெளியே வரும். கஞ்சி கெட்டிப்படுவது இதனால்தான். தண்ணீர் ஆவியாக ஆகச் சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஒரு மூலக்கூறின் ஆக்சிஜன் இன்னொன்றின் ஹைட்ரஜனை லேசாக இழுத்துப் பிடிக்கும் பிடிப்பு அது. ஒரு பிடிப்புக்கு வலு குறைவு, கோடிக்கணக்கில் சேரும்போது தகடு நிற்கும்.

ஆனால் வத்தல் வளையாது, முறியும். சங்கிலிகள் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடமில்லை. வறுக்கும் வத்தலுக்கு அது நல்லது, உறைக்கு உதவாது. அதனால் கூழில் கிளிசரால் என்ற பாகுபோன்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். இந்தச் சிறு மூலக்கூறு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, அவற்றின் பிடிப்பைத் தளர்த்தி, வழுக்க இடம் கொடுக்கும். இப்படிச் செய்யும் பொருளுக்கு நெகிழ்வூட்டி என்று பெயர். ஸ்டார்ச் எடையில் 25 முதல் 40 சதவீதம் வரை வழக்கம்.

இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. தளர்ந்த இடைவெளி வழியாக நீராவியும் போகும். கிளிசரால் தானே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் வேறு. வளைவு வேண்டுமென்று கேட்டால் தடுப்பை விட்டுக்கொடுக்க வேண்டும், தடுப்பு வேண்டுமென்றால் முறியும்.

இதுவரை: ஸ்டார்ச் சங்கிலிகள் தண்ணீரில் அவிழ்ந்து, காயும்போது ஒட்டிக்கொண்டு தகடாகின்றன. கிளிசரால் அதை வளைய வைக்கிறது. அதற்கு விலையாக ஈரம் உள்ளே வருகிறது.

## "தடுப்பு" என்று பொதுவாகச் சொன்னால் தப்பு

எதைத் தடுக்கிறது என்று கேட்காமல் ஒரு உறையை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. ஸ்டார்ச், புரதப் படலங்கள் எண்ணெயை நன்றாகத் தடுக்கும். காய்ந்த நிலையில் ஆக்சிஜனைப் பாலித்தீனைவிட மிக நன்றாகத் தடுக்கும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2016-இல் பால் புரதமான கேசீனில் செய்து காட்டிய படலம், ஆக்சிஜனை நிறுத்துவதில் சாதாரண பிளாஸ்டிக்கைவிட 500 மடங்கு வரை மேல் என்று அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு "பிளாஸ்டிக்கைவிட 500 மடங்கு நல்ல உறை" என்று பலர் எழுதிவிட்டார்கள்.

நீராவி விஷயத்தில் கதை தலைகீழ். கிளிசரால் போட்ட ஸ்டார்ச் படலம், அதே தடிமன் பாலித்தீனைவிட நூறு மடங்கு அளவில் நீராவியை விடும். தண்ணீரை விரும்பும் சங்கிலி தண்ணீரை விடத்தான் செய்யும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அருமையான ஆக்சிஜன் தடுப்பும் கூடவே தளர்ந்துவிடும்.

நானோ துகளை இதற்குள் கொண்டுவந்ததே இந்த ஓட்டையைச் சற்று அடைக்கவும், கிளிசராலால் போன வலுவைக் கொஞ்சம் மீட்கவும்தான்.

## நானோ என்றால் எவ்வளவு சிறிது, அதனால் என்ன

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஏதாவது ஒரு பக்கமாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அதை நானோ பொருள் என்கிறார்கள்.

சிறிதாக இருப்பதில் தனி மந்திரம் எதுவும் இல்லை. கணக்கு மட்டும்தான். 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். எடை கூடவில்லை, ஆனால் ஸ்டார்ச் சங்கிலி தொட்டுப் பிடித்துக்கொள்ளக் கிடைக்கும் பரப்பு பத்து லட்சம் மடங்காகிவிட்டது. இதனால்தான் மாவுப் பொடி அளவில் 20, 30 சதவீதம் போட்டுப் பெற வேண்டிய மாற்றத்தை, நானோ அளவில் 1 முதல் 5 சதவீதத்தில் பெற முடிகிறது. அளவு குறைவாக இருப்பதால் படலம் தெளிவாகவும் இருக்கும்.

இந்தக் கணக்கு நிற்க ஒரே நிபந்தனை: துகள்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். நூறு துகள் சேர்ந்து ஒரு கட்டியானால் அது நானோ இல்லை, வெறும் தூசி.

## வழியை நீட்டுவது

திருப்பதியில் தரிசன வரிசைக்குக் கம்பி கட்டியிருப்பார்கள். நேராக நடந்தால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய கூடம், கம்பி வளைவுகளால் அரை மணி நேர நடையாகிவிடும். கதவை யாரும் மூடவில்லை, வழிதான் நீண்டது. படலத்துக்குள் நானோ தகடுகள் செய்வதும் இதே வேலை. நீராவி மூலக்கூறு தகட்டைத் துளைக்க முடியாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். 0.1 மில்லிமீட்டர் படலத்தைக் கடக்க அது உண்மையில் நடக்கும் தூரம் அதைப் போல் சில மடங்காகிறது.

நீல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1967-இல் இதற்கு ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். அதில் இரண்டே எண்கள்: படலத்தில் துகள் எத்தனை பங்கு, துகளின் அகலம் தடிமனைப் போல் எத்தனை மடங்கு. 3 சதவீதத் துகளை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம். அகலமும் தடிமனும் ஒன்றான உருண்டைத் துகள் என்றால், ஊடுருவல் 96 சதவீதத்துக்குத்தான் குறையும். ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லலாம். அகலம் தடிமனைப் போல் 100 மடங்கு உள்ள தகடு என்றால், அதே 3 சதவீதத்தில் ஊடுருவல் 39 சதவீதத்துக்கு இறங்கும்.

நானோவா இல்லையா என்பதைவிட வடிவம்தான் பெரிது என்பது இதிலேயே தெரிகிறது. 1 நானோமீட்டர் தடிமனும் சில நூறு நானோமீட்டர் அகலமும் கொண்ட மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தகடு இந்த வேலைக்குப் பேர்போனது. ஆனால் சூத்திரம், எல்லாத் தகடும் தனித்தனியாகப் பிரிந்து, படலத்துக்கு இணையாகப் படுத்திருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பாதி சாய்ந்திருக்கும், கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆய்வகங்களில் நீராவி ஊடுருவல் 20 முதல் 50 சதவீதம் குறைந்தாலே நல்ல முடிவு.

இந்த இடத்தில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செய்திகளுக்கு விடை கிடைத்துவிடும். பாலித்தீன் 1 என்றால் ஸ்டார்ச் படலம் 100. நானோ போட்டு 40 சதவீதம் குறைத்தால் 60. செய்தியில் "40 சதவீத முன்னேற்றம்" என்று வரும், அது பொய்யும் இல்லை. ஆனால் 60 இன்னும் 1 ஆகவில்லை. நீராவியை உண்மையிலேயே நிறுத்த வேண்டுமானால் தேன்மெழுகு போன்ற கொழுப்பை ஒரு அடுக்காகச் சேர்க்க வேண்டும். நானோ துகள் அந்த வேலையைச் செய்யாது.

## வலுவூட்டுவது

செல்லுலோஸ் நானோ படிகம் என்பது தாவர நாரைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைக்கும் ஊசி. 5 முதல் 20 நானோமீட்டர் தடிமன், நூறு முதல் சில நூறு நானோமீட்டர் நீளம். நீளவாக்கில் அதன் விறைப்பு 150 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கும், எஃகுக்கு 200. "எஃகுக்கு நிகரான உறை" என்ற தலைப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு ஊசியின் குணத்தை முழுப் படலத்துக்கும் ஏற்றிவிடுகிறார்கள்.

படலத்தில் நடப்பது வேறு. ஊசியும் ஸ்டார்ச்சும் ஒரே குளுக்கோஸ் குடும்பம். அதனால் ஊசியின் மேற்பரப்பில் ஸ்டார்ச் சங்கிலி ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு இறுகப் பிடித்துக்கொள்கிறது. இழுக்கும்போது மென்மையான ஸ்டார்ச் தன் சுமையை ஊசிக்குக் கைமாற்றுகிறது. ஊசிகள் போதிய அளவுக்குச் சேர்ந்ததும் ஒன்றையொன்று தொட்டு, படலம் முழுக்க ஒரு வலைப்பின்னல் உண்டாகிறது. இந்தக் கட்டம் வந்ததும் வலு படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவும். பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 1995-இல் கடல்வாழ் உயிரி ஒன்றின் செல்லுலோஸ் ஊசிகளை வைத்து இதைக் காட்டினார்கள். எந்த அளவில் வலை உண்டாகும் என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது: 0.7-ஐ ஊசியின் நீள-தடிமன் விகிதத்தால் வகுக்க வேண்டும். விகிதம் 20 என்றால் 0.035, அதாவது 3.5 சதவீதம். இன்னும் நீண்ட ஊசி, விகிதம் 70 என்றால் 1 சதவீதமே போதும்.

எண்களாகப் பார்த்தால், கிளிசரால் கலந்த ஸ்டார்ச் படலத்தின் இழுவலிமை (கிழியாமல் தாங்கும் இழுப்பு) பெரும்பாலும் 2 முதல் 10 மெகாபாஸ்கலுக்குள். சரியாகப் பிரிந்த நானோ படிகம் இதை ஒன்றரை, இரண்டு மடங்காக்கும். அதே நேரத்தில் நீளும் தன்மை குறையும். பாலித்தீன் பை கிழிவதற்கு முன் தன் நீளத்தைப் போல் பல மடங்கு நீளுமே, அந்த இழுப்பு இதற்கு வராது.

இதுவரை: துகள் இரண்டு வேலை செய்கிறது. தகடாக இருந்தால் ஆவியின் வழியை நீட்டுகிறது. ஊசியாக இருந்தால் வலை பின்னி வலுக் கொடுக்கிறது. இரண்டுக்கும் தேவை நல்ல வடிவமும் நல்ல பரவலும்.

## ஒரு தட்டுப் படலம் செய்யும் முறை

ஆய்வகத்தில் வழக்கமான அளவு இது. மரவள்ளி ஸ்டார்ச் 5 கிராம், தண்ணீர் 100 மில்லி, கிளிசரால் 1.5 கிராம், செல்லுலோஸ் நானோ படிகம் 0.15 கிராம். படிகம் ஸ்டார்ச்சில் 3 சதவீதம்.

முதல் வேலை படிகத்தோடு. அது தண்ணீரில் கலந்த பால்போன்ற கரைசலாக வரும். 100 மில்லியில் ஒரு பங்குத் தண்ணீரில் அதைக் கலந்து, மீயொலிக் கருவியில் சில நிமிடம் வைத்துப் பிரிக்க வேண்டும். கருவி சூட்டைக் கிளப்பும், அதனால் பாத்திரத்தைப் பனிக்கட்டிக்குள் வைப்பது வழக்கம். மீதித் தண்ணீரில் ஸ்டார்ச்சைக் குளிர்ந்த நிலையிலேயே கரைத்து, கிளிசரால் சேர்த்து, கிளறிக்கொண்டே 85 முதல் 90 டிகிரிக்கு ஏற்றி அரை மணி வைத்திருக்க வேண்டும். வெள்ளை போய்க் கண்ணாடிக் கூழானால் குருணை எல்லாம் உடைந்துவிட்டது என்று பொருள். பிறகு படிகக் கரைசலை ஊற்றி, அதே சூட்டில் இன்னும் 10, 15 நிமிடம் கிளறல்.

குமிழியை எடுக்காமல் ஊற்றினால் ஒவ்வொரு குமிழியும் காய்ந்ததும் ஓட்டையாகும். கூழ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெற்றிட அறையில் வைத்துக் குமிழியை இழுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் கெட்டிப்பட்டுக் குமிழி சிக்கிக்கொள்ளும்.

ஊற்றும்போது கையளவை நம்பக் கூடாது, தராசில் எடை பார்த்து ஊற்ற வேண்டும். 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு 15 கிராம் கூழ் ஊற்றினால் அதில் திடப்பொருள் 0.94 கிராம் அளவில் இருக்கும். காய்ந்தால் கிட்டத்தட்ட 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் படலம். தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் படலமும் ஒரு பக்கம் தடிக்கும். அதனால் உலர்த்தும் அறையில் நீர்மட்டக் கருவி வைத்துப் பார்ப்பார்கள். 40 டிகிரியில் ஒரு நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டு 70, 80-க்கு ஏற்றினால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் ஈரம் சிக்கி, ஓரம் சுருண்டு விரியும்.

உரித்ததும் அளக்கக் கூடாது. மெக்னீசியம் நைட்ரேட்டின் நிறைகரைசல் வைத்த மூடிய பெட்டிக்குள் இரண்டு நாள் இருக்க வேண்டும். அந்த உப்பு 25 டிகிரியில் காற்றின் ஈரத்தை 53 சதவீதத்தில் நிறுத்தும். இந்தப் படியைச் சிலர் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மழை நாளில் அளந்த எண்ணும் வெயில் நாளில் அளந்த எண்ணும் வேறாக வருவதற்கு அதுதான் காரணம். இன்னொன்று: 53 சதவீதத்தில் எடுத்த வலிமை எண், 75 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும் சென்னை, யாழ்ப்பாணம் மாதிரியான கடற்கரை ஊர்களில் செல்லாது. படலம் ஈரம் குடித்து இளகிவிடும். ஆய்வு முடிவைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டிய எண் இந்த ஈரப்பதம்தான்.

## எங்கே கெடுகிறது

அதிகம் கெடுவது துகள் திரள்வதால். செல்லுலோஸ் ஊசிகளுக்கு ஸ்டார்ச்சோடு இருக்கும் அதே ஒட்டுதல் தங்களுக்குள்ளும் உண்டு. ஒருமுறை முழுக்கக் காயவிட்டுவிட்டால் ஊசிகள் பக்கவாட்டில் ஒட்டி இறுகிவிடும், திரும்பத் தண்ணீரில் போட்டாலும் பிரியாது. படலத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இழுத்தால் அந்தப் புள்ளியிலிருந்துதான் கிழியும். "3 சதவீதத்தில் நன்றாக இருந்தது, 7 சதவீதம் போட்டேன், வலு குறைந்துவிட்டது" என்பதற்கும் காரணம் இதுவே. அளவு கூடும்போது ஊசிகள் ஸ்டார்ச்சைவிடத் தங்களையே அதிகம் சந்திக்கின்றன.

ஊசிகளைப் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மேல் இருக்கும் எதிர்மின்னேற்றம். செய்யும்போது கந்தக அமிலம் விட்டுப்போன தடம் அது. ஒரே மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும். கூழில் உப்பு விழுந்தால் அந்தத் தள்ளல் மங்கி, ஊசிகள் ஒன்றுசேர்ந்துவிடும். சுவைக்காகச் சிட்டிகை உப்பைச் சேர்த்தாலும் கூழ் கலங்குவது இதனால்.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை வைத்துப் படலம் செய்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. கைட்டோசான் அமிலக் கரைசலில் நேர்மின்னேற்றம் உடையது. எதிர்மின் ஊசிக் கரைசலை அதில் மொத்தமாகச் சாய்த்தால் பால் திரிந்ததுபோல் நொடியில் திரிதிரியாகும். நன்கு நீர்க்க வைத்து, சொட்டுச் சொட்டாக, வேகமாகக் கிளறிக்கொண்டே சேர்த்தால் தப்பலாம்.

கிளிசரால் தவறினால் கையிலேயே தெரியும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் படலம் உரிக்கும்போதே முறியும். 50-ஐத் தாண்டினால் விரலில் பிசுபிசுக்கும், நாளடைவில் கிளிசரால் மேலே வியர்த்து வரும்.

கடைசியாக முதுமை. பழைய சோற்றுப் பருக்கை விறைப்பதுபோல, ஸ்டார்ச் சங்கிலிகள் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்ப அடுக்கிக்கொள்ளும். முதல் நாள் வளைந்த படலம் இரண்டு மாதத்தில் விறைக்கும். செய்த அன்றே அளந்த எண்ணை மட்டும் கொடுக்கும் அறிக்கைகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

## எது இயற்கைத் துகள்

செல்லுலோஸ் படிகம், ஸ்டார்ச்சையே அமிலத்தில் அரித்துச் செய்யும் ஸ்டார்ச் நானோ படிகம், கைட்டோசான் துகள், மக்காச்சோளப் புரதமான ஸீன் (zein), களிமண் தகடு: இவை அந்தப் பெயருக்கு உரியவை. ஆனால் மூலப்பொருள் இயற்கை என்பதால் செய்முறையும் மென்மையானது என்று நினைக்க வேண்டாம். செல்லுலோஸ் படிகம் எடுக்க 64 சதவீதக் கந்தக அமிலத்தில் 45 டிகிரியில் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை நாரை வைத்து, பத்து மடங்கு குளிர்ந்த நீர் ஊற்றி நிறுத்தி, பல நாள் கழுவுகிறார்கள். அந்த அமில நீரை என்ன செய்கிறீர்கள் என்பது நியாயமான கேள்வி.

வேப்பிலைச் சாறில் செய்த வெள்ளி நானோ துகளையும் சிலர் "இயற்கை நானோ" என்ற தலைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். வேப்பிலை வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றியது, அவ்வளவுதான். உள்ளே போவது வெள்ளிதான், அதன் நச்சு ஆய்வும் வெள்ளிக்கானதாகவே இருக்க வேண்டும். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடும் மண்ணில் கிடைக்கும் பொருள்தான். ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அதை இனிப் பாதுகாப்பானது என்று கருத முடியாது என்றது, 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவுச் சேர்க்கையாக அதைத் தடை செய்தது.

செல்லுலோஸை நாம் கீரையோடும் காயோடும் தினமும் உண்கிறோம். செரிக்காமல் வெளியே போகும். நானோ வடிவிலும் குடல் சுவரைக் கடந்து அதிகம் உள்ளே போவதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அளவு மாறினால் நடத்தையும் மாறலாம் என்பதால், பெரிய வடிவுக்குக் கிடைத்த அனுமதி நானோ வடிவுக்குத் தானாகச் செல்லாது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் நானோ உணவுப் பொருள்களை மதிப்பிட வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. உண்பவரைவிட முதலில் கவனிக்க வேண்டியவர், உலர்ந்த துகளைக் கையாளும் தொழிலாளி. மூச்சில் போகும் பொடி, வயிற்றில் போகும் பொடி போன்றதல்ல. முகக்கவசமும் காற்று உறிஞ்சியும் அங்கே அவசியம்.

ஒவ்வாமையும் சைவமும் தனிக் கணக்கு. கைட்டோசான் இறாலிலிருந்து வருகிறது, ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ மீனிலிருந்தோ, அரக்குப் பூச்சு பூச்சியிலிருந்து, கேசீன் பாலிலிருந்து. உறையையும் தின்னப்போகிறோம் என்றால் உறையின் மூலப்பொருளும் சீட்டில் இருக்க வேண்டும்.

## எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

தின்னக்கூடிய உறைக்கு வெளியே இன்னொரு உறை வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கடைக்காரர் கை, லாரித் தூசி, எலி எல்லாம் பட்டதைத் தின்ன முடியாது. ஆகவே கேரி பேக்குக்கும் பால் பாக்கெட்டுக்கும் இது மாற்று இல்லை.

உள்ளே இருக்கும் சின்ன உறைகள்தான் இதன் இடம். நூடுல்ஸ் பாக்கெட்டுக்குள் வரும் மசாலாப் பொட்டலமும் எண்ணெய்ப் பொட்டலமும் நல்ல உதாரணம். ஸ்டார்ச் எண்ணெயை நன்றாகத் தடுக்கும். பொட்டலத்தைப் பிரிக்காமல் கொதிநீரில் போட்டால் கரைந்துவிடும். வெளியுறை ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டும் பாலாடைக்கட்டித் துண்டுகளுக்கு நடுவே வைக்கும் தாளும் இதற்குப் பொருத்தம். ஊறுகாய்க்கு ஆகாது. தண்ணீரும் உப்பும் புளிப்பும் சேர்ந்து ஒரு நாளில் கூழாக்கிவிடும். தண்ணீர் உள்ள பொருளுக்குக் கடற்பாசி வழி வேறு: 2019 லண்டன் மாரத்தானில் ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த பான உருண்டைகள் கடற்பாசிச் சவ்வில் செய்தவை. அவையும் சில நாள் மட்டுமே தாங்கும்.

தயாரிப்பு வேகமும் ஒரு தடை. தட்டில் ஊற்றி ஒரு நாள் காயவைப்பது ஆய்வுக்குச் சரி. ஆலையில், நகரும் பட்டை மேல் மெல்லியதாகப் பரப்பிச் சூடான காற்றில் உலர்த்த வேண்டும், அல்லது ஸ்டார்ச்சையும் கிளிசராலையும் திருகு இயந்திரத்தில் உருக்கிப் பிழிய வேண்டும். பிழியும் இயந்திரத்தில் தண்ணீர் குறைவு, ஊசிகள் அங்கே எளிதில் திரளும். இதற்காகவே சோடியம் உப்பு வடிவுக்கு மாற்றித் தெளித்து உலர்த்திய செல்லுலோஸ் படிகம் விற்பனைக்கு வருகிறது. இது காய்ந்தாலும் திரும்பத் தண்ணீரில் பிரியும். விலைதான் ஸ்டார்ச்சுக்குச் சற்றும் பொருந்தாத விலை.

படிகத்தை உலர்த்தாமல் அனுப்பினால் லாரியில் போவது பெரும்பாலும் தண்ணீர். அந்த வகையில் சேலம் வட்டாரச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. கிழங்கை அரைத்து ஸ்டார்ச் பிரித்தபின் மிஞ்சும் திப்பி, இப்போது பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. அதில் மீந்த ஸ்டார்ச்சும் செல்லுலோஸ் நாரும் இரண்டுமே இருக்கின்றன. மரவள்ளித் திப்பியிலிருந்து செல்லுலோஸ் நானோ நார் எடுக்க முடியும் என்பது ஆய்வுகளில் காட்டப்பட்ட ஒன்று. ஸ்டார்ச் வரும் வளாகத்திலேயே நாரையும் எடுத்து, காயவிடாமல் ஈரமாகவே கூழில் சேர்த்தால், உலர்த்தும் செலவும் திரளும் தொல்லையும் இரண்டுமே குறையும். அமிலத்துக்குப் பதிலாக இயந்திர அரைப்பில் நார் எடுத்தால் கழிவுநீர்ச் சிக்கலும் பெரிதாக வராது, மின்கட்டணம்தான் ஏறும்.